பூமியின் வெப்பம் வற்றாத ஊற்றா?

தேர்வுத்தாள் திருத்தும்போது ஆண்டுதோறும் தவறாமல் என் கண்ணில் படும் ஒரு வாக்கியம் உண்டு. "புவிவெப்பம் ஒரு வற்றாத ஆற்றல் மூலம் ஆகும்." பல ஆண்டுகள் நான் அதற்குச் சிவப்பு மையால் ஒரு சரி போட்டு, ஒரு மதிப்பெண்ணும் கொடுத்து வந்தேன். பாடக்குறிப்பில் அப்படித்தான் இருந்தது. வகுப்பில் நானும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு இரண்டாம் ஆண்டு இயற்பியல் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து நின்றான். "சார், அடுப்பை அணைத்த பிறகு தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் கல் ஆறிவிடுகிறது. பூமிக்குள் தண்ணீரை விட்டு ஆவி எடுத்துக்கொண்டே இருந்தால் பாறை ஆறாதா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. "பூமி மிகப் பெரியதப்பா" என்று சொல்லிவிட்டு நான் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். அது பதில் அல்ல என்பது எனக்கே தெரிந்திருந்தது. அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவன் கேட்டது முற்றிலும் நியாயமான கேள்வி. அந்தக் கணக்கை உங்கள் முன்னும் வைக்கிறேன். பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

பூமியின் உள்ளே வெப்பம் இருக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். பூமி உருவான காலத்திலிருந்து மிச்சமிருக்கும் வெப்பம் ஒரு பங்கு. யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்கச் சிதைவால் இன்றும் பிறந்துகொண்டிருக்கும் வெப்பம் இன்னொரு பங்கு. நிலத்துக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் வெப்பநிலை சராசரியாக 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை கூடுகிறது. இந்த வெப்பம் பூமியின் மேற்பரப்பு முழுவதும் இடைவிடாது கசிந்து வெளியேறுகிறது. மொத்தம் சுமார் 47 லட்சம் கோடி வாட். மனித குலம் முழுவதும் இன்று செலவிடும் ஆற்றலைப் போல இது இரண்டு மடங்குக்கும் மேல்! "அப்படியானால் வற்றாததுதானே?" என்று கேட்கத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது.

ஆனால் அந்த வெப்பம் பரவிக் கிடக்கும் விதத்தைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 0.08 வாட்தான் வருகிறது. நடுப்பகல் வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட் தருகிறது என்பதை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் வகுப்பறை எட்டு மீட்டர் நீளமும் ஆறு மீட்டர் அகலமும் உள்ளது என்று வைத்துக்கொள்வோம். அதன் தரை முழுவதும் பூமியிலிருந்து பெறுவது நான்கு வாட்டுக்கும் குறைவு. மின்சாரமாக அல்ல, வெறும் வெப்பமாக! படுக்கையறையில் எரியும் சிறு விளக்கின் அளவு அது.

அப்படியானால் புவிவெப்ப மின்நிலையங்கள் எதைக்கொண்டு ஓடுகின்றன? சேமிப்பைக்கொண்டு ஓடுகின்றன. ஒரு கன கிலோமீட்டர் பாறையை எடுத்துக்கொள்வோம். அடர்த்தி கன மீட்டருக்கு 2700 கிலோகிராம். தன்வெப்பம் கிலோகிராமுக்கு 900 ஜூல். அது ஒரே ஒரு டிகிரி குளிர்ந்தால் வெளிவிடும் வெப்பத்தைப் பெருக்கிப் பாருங்கள். ஓராண்டு முழுவதும் இடைவிடாமல் 77 மெகாவாட் வெப்பம் தரக்கூடிய அளவு வரும். அடேயப்பா என்று சொல்லத் தோன்றுகிறதல்லவா? இப்போது மறுபக்கத்தையும் பாருங்கள். அந்தக் கன கிலோமீட்டருக்கு அடியிலிருந்து வரும் இயல்பான வெப்பம் 80 கிலோவாட் மட்டுமே. ஓராண்டில் இழந்த அந்த ஒரு டிகிரியை மீண்டும் பெற ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் ஆகும்.

எரிமலைப் பகுதிகளில் நிலைமை இதைவிட நல்லதுதான். அங்கே கீழிருந்து வரும் வெப்பம் பல மடங்கு அதிகம். வெந்நீரே மேலேறி வந்து வெப்பத்தைச் சுமந்து தருகிறது. புவிவெப்ப மின்நிலையங்களில் பெரும்பாலானவை அத்தகைய இடங்களில்தான் உள்ளன. ஆனாலும் செலவு வரவை மிஞ்சுகிறது என்ற உண்மை அங்கும் மாறுவதில்லை. குதிர் பெரியது, அதில் விழும் நெல்லோ ஒவ்வொரு மணியாகத்தான் விழுகிறது. ஆகவே என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். புவிவெப்பத்தை உலகம் இன்னும் அதிகமாகத் தேட வேண்டும், பயன்படுத்த வேண்டும். ஆனால் "வற்றாதது" என்ற சொல்லை முதலில் அடித்துவிட வேண்டும். அந்தச் சொல்லை நம்பியவர்கள்தாம் இந்தத் துறையில் பெரிய தவறுகளைச் செய்தார்கள்.

தொடக்கம் என்னவோ அழகானதுதான். இத்தாலியில் லார்தரெல்லோ என்ற இடத்தில் நிலத்திலிருந்து இயற்கையாகவே நீராவி சீறிக்கொண்டிருந்தது. 1904-ஆம் ஆண்டில் பியரோ ஜினோரி கொந்தி என்பவர் அந்த நீராவியால் ஒரு சிறு இயந்திரத்தை ஓட்டி ஐந்து மின்விளக்குகளை எரியவைத்தார். 1913-இல் அங்கே 250 கிலோவாட் மின்நிலையம் வந்தது. இன்றும் அப்பகுதி மின்சாரம் தருகிறது. ஐஸ்லாந்து நாட்டின் தலைநகரான ரேக்யவிக்கில் 1930-ஆம் ஆண்டு வெந்நீரைக் குழாய்களில் கொண்டுவந்து கட்டடங்களைச் சூடாக்கத் தொடங்கினார்கள். முதலில் பயன் பெற்றவற்றில் ஒரு பள்ளிக்கூடமும் உண்டு. இன்று அந்நாட்டு வீடுகளில் பத்தில் ஒன்பது இவ்வாறுதான் குளிர்காலத்தைக் கடக்கின்றன. (நம் குளியலறைகளில் மாட்டும் 'கீசர்' என்ற சொல்லே ஐஸ்லாந்தின் 'கேய்சிர்' என்னும் வெந்நீர் ஊற்றின் பெயரிலிருந்து வந்ததுதான்!)

இனி அமெரிக்காவுக்கு வருவோம். கலிபோர்னியாவில் சான்பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே ஒரு மலைப்பகுதி இருக்கிறது. அதன் பெயர் கெய்சர்ஸ். பெயர்தான் அப்படி, பீறிட்டு அடிக்கும் வெந்நீர் ஊற்று ஒன்றுகூட அங்கே இல்லை, ஆவி கக்கும் துளைகள்தாம் உண்டு. உலகில் மிகச் சில இடங்களிலேயே நிலத்தடியிலிருந்து நீர் கலவாத உலர்ந்த நீராவி கிடைக்கிறது. அது நேராக டர்பைனைச் சுழற்றும். பிரித்தெடுக்கும் வேலை இல்லை. லார்தரெல்லோ அத்தகைய இடம். கெய்சர்ஸ் அதைவிடப் பெரிது.

1960-ஆம் ஆண்டு 11 மெகாவாட் திறனுள்ள ஓர் இயந்திரத்துடன் அங்கே வேலை தொடங்கியது. 1973-இல் பெட்ரோலிய எண்ணெயின் விலை தாறுமாறாக ஏறியதும் எல்லோருடைய கவனமும் இந்த நீராவியின் பக்கம் திரும்பியது. ஒரு நிறுவனம் அல்ல, பல நிறுவனங்கள் வந்தன. ஆளுக்கொரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் கிணறு தோண்டினார்கள். மேலே வேலிகள் வேறு வேறு. கீழே இருந்த நீராவித் தேக்கமோ ஒன்றுதான். நான் மெதுவாக எடுத்தால் பக்கத்து வேலிக்காரன் எடுத்துவிடுவான் அல்லவா? ஆழ்துளைக் கிணறுகள் நிறைந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 1980-களின் இறுதியில் நிறுவப்பட்ட திறன் 2000 மெகாவாட்டை எட்டியது. உலகிலேயே மிகப் பெரிய புவிவெப்ப மின்களம் என்று புகழ்ந்தார்கள்.

ஆனால் 1987-இலேயே உற்பத்தி உச்சத்தைத் தொட்டுவிட்டது. அதன்பின் கிணறுகளில் நீராவியின் அழுத்தம் வேகமாகச் சரிந்தது. புதிய கிணறு தோண்டினால் பழைய கிணறு இளைத்தது. மின்நிலையங்கள் முழுத் திறனில் ஓட நீராவி போதவில்லை; சில மூடப்பட்டன.

இங்கேதான் இயற்பியல் சுவையாகிறது. அங்கே தீர்ந்துபோனது என்ன? வெப்பம் என்றுதானே சொல்வீர்கள்? இல்லை, தண்ணீர்! பாறைகள் அப்போதும் ஏறக்குறைய பழைய சூட்டிலேயே இருந்தன. பாறையின் விரிசல்களில் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தேங்கியிருந்த நீர்தான் ஆவியாகி வெளியேறிக்கொண்டிருந்தது. மழைநீர் அந்த ஆழத்துக்கு எளிதில் இறங்குவதில்லை. டர்பைனைச் சுழற்றிய நீராவியில் ஒரு சிறு பகுதியைத்தான் குளிரவைத்துத் திரும்ப உள்ளே அனுப்பினார்கள். பெரும்பகுதி குளிர்விப்புக் கோபுரங்களின் வழியாக வானத்தோடு கலந்துவிட்டது. வெப்பத்தை மேலே கொண்டுவர ஒரு சுமைகூலி வேண்டும். ஒரு கிலோகிராம் தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 22 லட்சம் ஜூல் வெப்பத்தை உள்ளுறை வெப்பமாகச் சுமந்து வருகிறது. அந்தக் கூலிக்காரனையே அவர்கள் திருப்பி அனுப்பாமல் விட்டுவிட்டார்கள்.

கைமருந்தும் அங்கேயே கண்டுபிடிக்கப்பட்டது. பக்கத்து ஊர்களின் கழிவுநீரைத் தூய்மைப்படுத்தி, குழாய்களில் மலைமேல் ஏற்றி, கிணறுகளின் வழியே பாறைக்குள் விட்டார்கள். முதல் குழாய் 1997-இல் வந்தது. 2003-இல் சாண்டா ரோசா நகரிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாவது குழாய் வந்தது; அது நாள்தோறும் நான்கு கோடி லிட்டர் நீரை மலையேற்றும் அளவுக்கு அமைக்கப்பட்டது. ஆற்றில் விட்டால் தொல்லையாகும் சாக்கடை நீர், பாறைக்குள் போய் நீராவியாகத் திரும்பி வந்து விளக்கெரிக்கிறது! பொறியியலில் எனக்கு மிகவும் பிடித்த செயல்களில் இது ஒன்று. சரிவு நின்றது. ஆனால் பழைய உச்சம் திரும்பவில்லை. அந்தக் களம் இன்று தருவது, கனவு கண்ட 2000 மெகாவாட்டில் பாதிக்கும் குறைவுதான்.

நியூசிலாந்து கற்ற பாடம் வேறு வகையானது. அங்கே வைராக்கெய் என்னும் இடத்தில் 1958-இல் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. நீராவியும் வெந்நீரும் கலந்து வரும் களத்திலிருந்து மின்சாரம் எடுத்த முன்னோடி அது. அந்தப் பெருமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எடுத்த நீரைத் திருப்பி உள்ளே விடாமல் பல ஆண்டுகள் ஆற்றில் விட்டார்கள். அருகிலிருந்த பள்ளத்தாக்கின் பீற்றூற்றுகள் ஒவ்வொன்றாக அடங்கின. அடியில் அழுத்தம் குறைந்ததால் நிலமும் அமிழ்ந்தது. குறிப்பிட்ட ஒரு சிறு பகுதியில் ஏறக்குறைய 15 மீட்டர். ஐந்து மாடிக் கட்டடத்தின் உயரம் அது.

அதே நாட்டில் ரோட்டோருவா என்ற ஊரில் மின்நிலையம்கூட இல்லை. வீட்டுக்கு வீடு, விடுதிக்கு விடுதி, குளிக்கவும் குளிர் காயவும் துளை போட்டு வெந்நீர் எடுத்தார்கள். ஊரின் ஓரத்தில் மாவோரி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சமைக்கவும் நீராடவும் பயன்படுத்தி வந்த ஊற்றுகள் தளர்ந்தன. 'போஹுட்டு' என்னும் புகழ்பெற்ற பீற்றூற்றுக்கும் ஆபத்து என்று அளவீடுகள் காட்டின. 1986-இல் அரசு ஒரு துணிவான முடிவெடுத்தது: போஹுட்டுவிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் இருந்த துளைகளையெல்லாம் மூடச் சொன்னது. ஊரில் கடும் எதிர்ப்பு. இருந்தாலும் மூடினார்கள். நிலத்தடியில் அழுத்தம் மெல்ல ஏறியது. 1979-இல் ஓய்ந்துபோன 'பாப்பகுரா' என்ற பீற்றூற்று 2015-இல், 36 ஆண்டுகளுக்குப் பிறகு, மீண்டும் பீறிட்டது. அழுத்தம் திரும்பப் பத்திருபது ஆண்டுகள் போதும். ஆறிப்போன பாறை சூடேற அதைப் போலப் பல மடங்கு காலம் வேண்டும். இந்த வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொன்னதும், "அப்படியானால் இது வேண்டாத வேலை, விட்டுவிடலாம்" என்று உங்களில் சிலர் முடிவு கட்டக்கூடும். நான் அதற்கு நேர் எதிரான கட்சி. காற்று நின்றால் காற்றாலை நிற்கும். இரவில் சூரியத் தகடு உறங்கும். புவிவெப்ப நிலையமோ இரவு பகல், கோடை மழை பாராமல் ஓடும். புகை மிகக் குறைவு. நிலமும் அதிகம் வேண்டியதில்லை. இத்தனை நன்மை இருந்தும், 2023-ஆம் ஆண்டு இறுதியில் உலகம் முழுவதிலும் இருந்த புவிவெப்ப மின்திறன் 16,000 மெகாவாட்டைச் சற்றே தாண்டியிருந்தது. உலக மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஏன்? வெப்பம் எங்கே இருக்கிறது என்று மேலிருந்து ஊகிக்கத்தான் முடியும். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் இரண்டு கிலோமீட்டர் துளை போட்டாக வேண்டும். அதற்குப் பல கோடி ரூபாய் செலவாகும். முதல் கிணறு பயன் தருமா தராதா என்பது நாணயம் சுண்டுவது போலத்தான்.

இந்த இடத்தில் ஆப்பிரிக்காவின் கென்யா நாட்டைப் போற்ற வேண்டும். அங்கே ஒல்காரியா என்னும் இடத்தில் 1956-இல் தொடங்கி இரண்டு கிணறுகள் தோண்டினார்கள். இரண்டிலும் பயனில்லை. தனியார் ஒருவர் பணம் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். 1970-களில் ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்ட உதவியோடு மீண்டும் தேடினார்கள். 1981-இல் 15 மெகாவாட் இயந்திரம் ஒன்று ஓடத் தொடங்கியது. சிறியதாகத் தொடங்கி, களம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பெருக்கினார்கள். கெய்சர்ஸில் நடந்த ஓட்டப்பந்தயம் இங்கே இல்லை. 2008-இல் துளையிடும் செலவின் ஆபத்தை ஏற்கவென்றே அரசு தனி நிறுவனம் ஒன்றை ஏற்படுத்தியது. இன்று கென்யாவின் மின்சாரத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் பூமியின் வெப்பத்திலிருந்து வருகிறது. ஐஸ்லாந்தில் 1979 முதல் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தின் பெயரால் நடந்த புவிவெப்பப் பயிற்சிக்குச் சென்று வந்தவர்களில் கென்யர்கள் மிகப் பலர். கிணறு தோண்டும் முன்பே ஆட்களை உருவாக்கியது நல்ல முதலீடு. குறையே இல்லை என்று சொல்லவில்லை. 2014-இல் ஒரு மின்நிலையத்துக்காக மாசாய் மக்கள் தங்கள் குடியிருப்புகளிலிருந்து பெயர்க்கப்பட்டார்கள், அவர்களுடைய முறையீடு உலக வங்கி வரை சென்றது.

எரிமலையும் ஊற்றும் இல்லாத நாடுகள் என்ன செய்வது? சூடான உலர் பாறையில் துளை போட்டு, அழுத்தத்துடன் தண்ணீரைச் செலுத்தி விரிசல் உண்டாக்கி, மறு துளை வழியே வெந்நீர் எடுக்கும் முறை இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 2006-இல் இதை முயன்றபோது 3.4 அளவுள்ள நில அதிர்ச்சி ஏற்பட்டு வேலை நிறுத்தப்பட்டது. தென்கொரியாவில் பொஹாங் நகரை 2017-இல் உலுக்கிய 5.5 அளவு நிலநடுக்கத்துக்கும் இத்தகைய துளையிடலே தூண்டுகோல் என்று அரசு அமைத்த ஆய்வுக் குழு 2019-இல் கூறியது. மறுபுறம், 2023-இல் அமெரிக்காவின் நெவாடாவில் பாறைக்குள் கிடைமட்டமாகத் துளைத்து நல்ல விளைவு கண்டிருக்கிறார்கள். நம்பிக்கை தரும் முறைதான். ஆனால் மக்கள் நெருங்கி வாழும் நகரத்துக்கு அடியில் இதைச் சோதித்துப் பார்க்கும் துணிவு எனக்கு இல்லை.

நம் நாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். லடாக்கில் பூகா என்றொரு பள்ளத்தாக்கு. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4,400 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவான அந்த உயரத்தில் தண்ணீர் 85 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். அங்குள்ள வெந்நீர் ஊற்றுகள் சில அந்தச் சூட்டிலேயே பொங்குகின்றன. 1970-களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் அங்கே முப்பதுக்கும் மேற்பட்ட துளைகள் போட்டார்கள். எதுவும் 400 மீட்டரைத் தாண்டவில்லை. அதற்குப் பிறகு நீண்ட உறக்கம். 2021-இல்தான் மின்நிலையம் அமைக்க ஒப்பந்தம் கையெழுத்தானது. 2022-இல் துளையிட்டபோது கீழிருந்து வந்த நீர் அருகிலுள்ள ஓடையில் கலக்க, வேலை நிறுத்தப்பட்டது.

பூகாவில் ஆழமாகத் துளை போட வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். அது பொதுப் பணத்தில் நடக்கட்டும். முதலில் ஒரு சிறிய இயந்திரம் போதும். எடுத்த நீரெல்லாம் திரும்பப் பாறைக்குள்ளேயே போகட்டும். தேக்கம் முழுவதும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கட்டும். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒவ்வோர் ஊற்றின் வெப்பநிலை என்ன, ஒரு நிமிடத்தில் எத்தனை லிட்டர் வருகிறது, அருகில் ஓடையின் நீர் எப்படி இருக்கிறது என்பதைக் கோடையிலும் குளிரிலும் தொடர்ந்து சில ஆண்டுகளாவது அளந்து எழுதிவைக்க வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால், பின்னாளில் ஊற்று தளர்ந்தது என்று ஒருவரும் தளரவில்லை என்று மற்றொருவரும் வாதிடலாம். இருவருக்கும் சான்று இராது. இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. நல்ல வெப்பமானி ஒன்று, அளவு குறித்த வாளி ஒன்று, கடிகாரம் ஒன்று, தடித்த அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று. மூச்சு வாங்கும் அந்த உயரத்தில் குளிர்காலத்திலும் போய் நின்று அளக்கக்கூடிய இளைஞர்கள் சிலரும் வேண்டும்.